முன்பக்கத்து வில்

என் மச்சான் சோலைமலை வில்வித்தை பழகப் புறப்பட்டதற்குப் பன்றி பாதிக் காரணம், கவுரவம் பாதிக் காரணம். பழி முழுவதையும் பன்றியின் தலையில் போட்டால் அது பன்றிக்குச் செய்கிற அநியாயம்.

இலங்கை மலைநாட்டில் கந்தப்பளைக்கு மேலே ஊசிப்பாறைத் தோட்டத்தில் அவர் கணக்கப்பிள்ளை. என் அக்காள் சண்முகவடிவின் புருஷன். நான் அதே தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபேக்டரியில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தேன். அக்காள் புருஷனைக் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. மைத்துனன் முறை வேறு எதற்கு இருக்கிறது? அந்த உரிமையை நான் கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்தினேன் என்று சொல்லுவார்கள். அந்த மனுஷனும் அதற்குத் தோதாகத்தான் நடந்துகொண்டார்.

அவரும் கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்தான். எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கு இரண்டு காம்பரா தள்ளி வளர்ந்தவர். கொஞ்சம் படிப்பு ஏறியது, கையெழுத்து முத்து முத்தாக விழுந்தது, கணக்கப்பிள்ளை ஆனார். ஆன அன்றைக்கே கழுத்து இரண்டு விரற்கடை நீண்டுவிட்டது. ஒரு பழைய கோட்டு, ஒரு தொப்பி, கையில் ஒரு பிரம்பு. தோட்ட மேனேஜரான துரை எதைச் செய்கிறாரோ அதையே ஒரு சுற்றுச் சின்னதாக இவரும் செய்வார். துரை நாய் வளர்த்தார், இவரும் வளர்த்தார். துரையின் நாய் துரை சொன்னால் உட்கார்ந்தது. இவருடைய நாய் எங்கள் காம்பராவில் வந்து சாப்பிட்டது.

மலை வேலை முழுவதையும் மேய்க்கிற கண்டாக்கையா வேலையை விட்டுவிட்டு இந்தியாவுக்குப் போகப்போகிறார் என்று அந்த வருஷம் பேச்சு அடிபட்டது. அடுத்த கண்டாக்கு தான்தான் என்று மச்சான் முடிவு செய்துவிட்டார். துரைதான் இன்னும் முடிவு செய்யவில்லை.

அது அறுபத்தொன்றோ அறுபத்திரண்டோ. எங்கள் பக்கத்தில் உருளைக்கிழங்குக்கு நல்ல கிராக்கி வந்த சமயம். அக்காள் கல்யாணத்துக்கு முன்னால் கொழுந்து பறித்தவள். கணக்கப்பிள்ளை பெண்சாதி கூடை சுமக்கக் கூடாது என்று மச்சான் அதை நிறுத்திவிட்டார். அவளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அவர்கள் குடியிருந்த குவாட்டஸுக்குப் பின்னால், ஆற்றுப் பக்கமாக இறங்குகிற சரிவில் ஒரு துண்டு தரிசு கிடந்தது. அதைத் துரையிடம் கேட்டு வாங்கித் தரும்படி புருஷனை நச்சரித்தாள். பதவி வரப்போகிற நேரத்தில் துரையிடம் போய் எதையும் கேட்கக் கூடாது என்று அவர் தத்துவம் பேசினார். அவளே ஒரு நாள் மலைப்பாதையில் துரையை வழிமறித்துக் கேட்டுவிட்டாள். துரை ஒரு போகம் பார்ப்பதாகச் சொன்னார். விளைந்தால் அவளே வைத்துக்கொள்ளலாம், விளையாவிட்டால் தேயிலைக் கன்று ஊன்றிவிடுவார். அவ்வளவுதான் பேச்சு.

அக்காள் அந்தச் சரிவைப் படிப்படியாக வெட்டி, கல் பொறுக்கி, ஓரம் கட்டி, கிழங்கு ஊன்றினாள். செடி தலைகாட்டிய அன்றைக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

“எனக்குன்னு ஒரு துண்டு மண்ணு தம்பி,” என்றாள்.

எதையும் தனக்கென்று சொல்லி அவள் வாயால் நான் கேட்டதே கிடையாது.

செடி பூத்தது. அது பன்றிக்கும் தெரிந்துவிட்டது. பொழுது சாய்ந்து மூடுபனி இறங்கியதும் ஆற்றைத் தாண்டிக் கூட்டமாக வந்து, மேல் படி முழுவதையும் உழுதுவிட்டுப் போய்விட்டன. எந்தக் கங்காணியும் எங்களை அவ்வளவு ஒழுங்காக வேலை வாங்கியதில்லை.

பன்றி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தகரத்தைத் தட்ட வேண்டும். எங்கள் லயத்துச் செல்லசாமி தன் கோவா, அதாவது முட்டைக்கோஸ், பாத்திக்குப் பக்கத்தில் நின்று தினமும் தகரம் தட்டினான். அவன் கோவாவில் ஒரு இலைகூடப் போகவில்லை. மச்சானையும் தட்டச் சொன்னாள் அக்காள். கோட்டுப் போட்டவன் தகரம் தட்டினால் நாளைக்குக் கண்டாக்கு நாற்காலியில் உட்கார முடியுமா என்று கேட்டார். சரி, நானே தட்டிக்கொள்கிறேன் என்றாள். கணக்கப்பிள்ளை பெண்சாதியும் தட்டக் கூடாதாம். பன்றி இரண்டாவது படிக்கு இறங்கியது.

துரைமார் பன்றியைத் துவக்கால் சுடுவார்கள். ஆகவே மச்சானும் துவக்கு வாங்கத் தீர்மானித்தார். கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு டவுனில் லைசன்ஸ் கொடுக்கிற கந்தோருக்குப் போனார். அங்கே இருந்த எழுத்தர், இலங்கைப் பிரஜையா என்று கேட்டிருக்கிறார். இல்லை. இந்தியப் பிரஜையா? அதுவும் இல்லை. அப்படியானால் நீங்கள் யார் என்றாராம். ஊசிப்பாறைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார் என் மச்சான். அப்படி ஒரு நாடு இல்லையே என்று எழுத்தர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இங்கே பிறந்து இங்கேயே தேய்ந்தும் எந்த நாட்டுச் சட்டத்திலும் சேராத எங்களுக்குத்தான் அந்தக் கேள்வி. பன்றியை யாரும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தது.

வேறு யாராயிருந்தாலும் அதோடு தகரத்தைக் கையில் எடுத்திருப்பான். மச்சான் திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்து, எங்கள் காம்பரா வாசலில் நின்று அறிவித்தார்.

“துவக்குக்குத்தானே பிரஜை வேணும்? வில்லுக்கு எவனும் கேக்கமாட்டான் மாப்பிள்ளை.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் ஆபத்து.

வில் இல்லாமலே வித்தை ஆரம்பமாகிவிட்டது. அவர் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் வில் பிடித்து நிற்கிற சாமியைப் பார்த்து நிலை பழகினார். இடது கையை நேராக நீட்டி, வலது கையைக் காதோரம் இழுத்து, ஒரு கண்ணை மூடி நிற்பார். சாமிக்கு ஆபரணம், இவருக்குக் கோட்டு. அது மட்டும்தான் வித்தியாசம் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தார் ரோட்டோரத்தில் நின்று அப்படிப் பழகும்போது நுவரெலியா பஸ் வந்து அவருக்கு முன்னால் நின்றுவிட்டது. நீட்டின கைக்கு மரியாதை கொடுத்து நிறுத்தியிருக்கிறார் டிரைவர். ஏறவில்லை என்றால் ஏன் கை காட்டினாய் என்று கண்டக்டர் ஏசப்போக, கவுரவம் காப்பாற்ற மச்சான் ஏறிக்கொண்டார். காரணமே இல்லாமல் நுவரெலியா போய்த் திரும்பி வந்தார். பஸ்ஸுக்கும் அவருக்கும் அன்றைக்கே ஏதோ பூர்வஜென்மத் தொடர்பு இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் அப்போது புரியவில்லை.

அம்பும் தயாரானது. முற்றிய மானாப்புல் தண்டு, முனைக்குத் தேயிலைப் பெட்டியில் அடிக்கிற தகரம், வாலுக்கு இறகு. இறகெல்லாம் அக்காளின் கோழிகளுடையது. அந்த வாரம் முழுவதும் கோழிகள் குளிரில் விறைத்துத் திரிந்தன.

பிறகுதான் வில் தேடும் படலம். தோட்டத்தில் யோசனை சொல்லத் தெரியாத ஆள் யார்? மூங்கிலை வளைத்துக் கட்டலாம் என்றார்கள். குருவி அடிக்கிற பயல்கள் வைத்திருப்பது மூங்கில், அது வேண்டாம் என்றார். கொய்யாக் கொப்பு? உண்டிவில்லுக்குத்தான் லாயக்கு. சவுக்கு? விறகு. அக்காள் மட்டும் அடுப்படியில் இருந்தபடி ஒரு வார்த்தை சொன்னாள். எடுத்துப் பார்த்து, இழுத்துப் பார்த்து, கைக்கு எது வருகிறதோ அதை வாங்குங்கள் என்றாள். செருப்பு வாங்குகிறவன்கூட அப்படித்தான் வாங்குவான். பெண்பிள்ளைக்கு வில்லைப் பற்றி என்ன தெரியும் என்று அதைத் தள்ளிவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று பிறந்தவருக்கு முயலைப் பிடிப்பதற்கு முன்னாலேயே கால் கணக்குத் தெரிந்திருந்தது.

செல்லசாமிதான் கடைசியில் வழி காட்டினான். கினிகத்தேனைப் பக்கத்துக் கிராமங்களில் கமுக மரத்தில் நல்ல வில் செய்கிறார்கள், கேட்டால் கொடுப்பார்கள் என்றான். அவன் உண்மையாகத்தான் சொன்னானா, தகரம் தட்டுகிறவனை மட்டமாகப் பேசியதற்குப் பழி வாங்கினானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிப்பான்.

மச்சான் விடியற்காலையிலேயே புறப்பட்டு, பஸ் மாறி பஸ் மாறி, ஹட்டனையும் தாண்டிக் கினிகத்தேனையில் போய் இறங்கினார். சிங்களம் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்பது அவர் எண்ணம். பட்டது தண்ணீர் மட்டும்தான், பாடு மற்றவர்களுக்கு. ஒரு கடையில் நுழைந்து, தனக்கு நல்ல “துன்ன” ஒன்று வேண்டும் என்று கேட்டார். சிங்களத்தில் வில்லுக்குத் துன்ன என்றுதான் பெயர். அதில் பிழை இல்லை. ஆனால் லொறி, பஸ்ஸுக்கு அடியில் அச்சுக்கு மேலே அடுக்கியிருக்கிற வளைந்த இரும்புப் பட்டைக்கும் அதே துன்னதான். நாமும் வில்வண்டி என்கிறோமே, அந்த வில். ரோட்டோரத்து ஊரில் கோட்டுப் போட்ட ஒருவன் வந்து துன்ன கேட்டால் கடைக்காரன் எதை நினைப்பான்? எதிரில் இருந்த கராஜைக் காட்டிவிட்டான்.

கராஜுக்கார பாஸ், அதாவது மேஸ்திரி, லொறிக்கா பஸ்ஸுக்கா என்று கேட்டிருக்கிறார். லொறி, பஸ் என்ற இரண்டு சொல்லும் மச்சான் காதில் விழுந்தன. எதில் கொண்டு போகப்போகிறாய் என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு, “பஸ் எகே” என்றார். பஸ்ஸில்தான் என்று இவர் சொன்னார். சிங்களத்தில் பஸ்ஸுடையது என்பதற்கும் அதே வார்த்தைதான். முன்னாலா பின்னாலா என்பது பாஸின் அடுத்த கேள்வி. பஸ்ஸில் எங்கே உட்காருவாய் என்றல்லவா கேட்கிறான் என்று மச்சானுக்கு ஒரே குளிர்ச்சி. கணக்கப்பிள்ளை பின்னால் உட்காருவாரா? முன்னால்தான் என்று அழுத்திச் சொன்னார். பாஸ் உள்ளே போய்ப் பழைய பஸ் ஒன்றின் முன்பக்கத்து வில்லில் முதல் பட்டையைக் கழற்றி வைத்திருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

நல்ல நீளம், கருகருவென்ற இரும்பு, பார்ப்பதற்கு அழகான வளைவு. அது மட்டுமா? இரண்டு முனையையும் சுருட்டி வளையம் செய்திருந்தது. நாண் கட்டுவதற்கென்றே செய்து வைத்தது போல இருந்ததாம். மச்சான் மெய்மறந்துவிட்டார். எடுத்துப் பார்த்தார், கனம் கையை இழுத்தது. இழுத்து மட்டும் பார்க்கவில்லை. சாக்கில் சுற்றிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். திரும்புகிற பஸ்ஸில் முன் ஸீட்டில்தான் உட்கார்ந்தார்.

இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கந்தப்பளைக் கடைவீதியில் சாமான் கடை வைத்திருந்த இஸ்ஸதீன் முதலாளியின் லொறி பழுது பார்ப்பது அதே கராஜில்தான். பாஸ் அவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். ஆனால் மச்சான் பஸ்ஸை விட்டு இறங்கின அன்றைக்கே முதலாளி ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். சாக்கு கிழிந்து வளையம் வெளியே தெரிந்தது.

“என்ன கணக்கப்பிள்ள, வந்த பஸ்ஸையே கழட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?” என்றார்.

கடைவீதியே திரும்பிப் பார்த்தது. நானும் அங்கேதான் இருந்தேன். மச்சானின் முகம் ஒரு நொடி வெளுத்ததைப் பார்த்தேன். விஷயம் அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது என்று சத்தியம் செய்வேன். ஆனால் விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதே.

“வில்லுன்னு கேட்டேன், வில்லுன்னு குடுத்தாங்க. இது வில்லுதான்,” என்றார்.

இஸ்ஸதீன் முதலாளி நல்ல மனுஷன். கல்லாப் பெட்டியைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்.

அன்று முதல் தோட்டத்தில் எங்களுக்கு வேறு பொழுதுபோக்குத் தேவைப்படவில்லை. மச்சான் பெட்டி கட்டுகிற கயிற்றை முறுக்கி நாண் ஏற்றினார். இரும்பு ஏற்கனவே வளைந்திருந்ததால் நாண் சுலபமாக ஏறிக்கொண்டது. இழுத்தார். கயிறு கொஞ்சம் நீண்டது, இரும்பு அசையவில்லை. சனங்களைச் சுமந்த பஸ்ஸுக்கே மசியாதது, என் மச்சானுக்கா மசியும்? அம்பு வைத்து விட்டார். அது புறப்படுவதற்கே மனமில்லாமல் அவர் கால்விரல் மேல் விழுந்தது. அம்பில் குற்றம் என்றார். அடுத்த நாள் கயிற்றில் குற்றம். அதற்கடுத்த நாள் பனியில் குற்றம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான், ஆனால் கூடத்தையே இவர் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

பிறகு தன் உடம்பில்தான் பலம் போதாது என்று கண்டுபிடித்து, அதற்கு வைத்தியம் தொடங்கினார். இறகு போன கோழிகளின் முட்டையும் போனது. நல்லெண்ணெயைத் தோளில் தேய்த்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு வந்தார். காலையில் பெயர் கூப்பிடும்போது எண்ணெய் வாசம்தான் முதலில் வந்து நின்றது. பெயருக்கு ஆம் சொல்ல வேண்டிய பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார்கள்.

பன்றி மூன்றாவது படியையும் முடித்துவிட்டது. கடைசிப் படி ஒன்றுதான் மிச்சம். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் துரை தேயிலைக் கன்றை அனுப்பிவிடுவார். ஒரு நாள் நான் போனபோது அக்காள், அடுப்படியில் காலை இடறிக்கொண்டே கிடந்த அந்த இரும்பை அதன் நாண் கயிற்றாலேயே பின்வாசல் பேரி மரத்துக் கிளையில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த மனுஷனைக் கட்டி வைத்த எங்கள் அப்பன்மேலேயே ஆத்திரம் வந்தது. நான் வந்து தகரம் தட்டுகிறேன், அவர் என்ன செய்துவிடுவார் பார்க்கலாம் என்றேன். உனக்கு அந்தி ஷிப்ட் இருக்கிறது, வேலையைப் பார் என்று சொல்லிவிட்டாள்.

அதற்கு மறுநாள் பொழுது சாய்கிற நேரம். பன்றிகள் வந்தன. மச்சான் வாசலில் காலண்டர் சாமி மாதிரி நின்று வெறுங்கையால் பழகிக்கொண்டிருந்தார். அக்காள் பின்வாசலில் மசாலை அரைத்துக்கொண்டிருந்தவள், ஆத்திரத்தில் கையில் இருந்த குழவியையே தூக்கிப் பன்றியைப் பார்த்து எறிந்தாள். பன்றிமேல் படவில்லை. மரத்தில் தொங்கிய இரும்பின்மேல் பட்டது.

அந்தச் சத்தத்தை ஸ்டோர் மாடியில் நின்ற நான் கேட்டேன். கோயில் மணி என்றே நினைத்தேன். மலை முழுவதும் சுற்றி வந்தது. பங்களா நாய்கள் எல்லாம் ஒரே குரலில் குலைத்தன. பன்றிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஆற்றில் விழுந்து ஓடினவாம். பஸ்ஸின் முன்பக்கத்து வில்லால் நடந்த முதல் காரியம் அது. அதுவும் குறி தவறியதால் நடந்தது.

அக்காளுக்கு ஒரு தடவை போதும். அன்று தொடங்கித் தினமும் அந்தியிலும் விடியலிலும் சுத்தியலால் அந்த இரும்பை நாலு போடு போட்டாள். தகரம் என்றால்தானே கவுரவக் குறைச்சல்? இது வில். மச்சானுக்கு மறுப்புச் சொல்ல வழி இல்லை. பன்றி அந்தப் பக்கமே வரவில்லை. மச்சானும் சும்மா இருக்கவில்லை. தன் வில்லுக்குப் பயந்து ஊசிப்பாறைப் பன்றியெல்லாம் அடுத்த தோட்டத்துக்குக் குடிபோய்விட்டன என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கிழங்கு தோண்டுகிற அன்றைக்கு நானும் கைகொடுக்கப் போயிருந்தேன். செல்லசாமியும் வந்தான். கடைசிப் படி குறை வைக்கவில்லை. மண்ணைப் புரட்டப் புரட்ட, கைகொள்ளாத கிழங்கு. அக்காள் ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்து, துடைத்ததையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் துரை நாய்களோடு இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் போகப்போகிற கண்டாக்கையா. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மச்சான் ஓடி வந்தார்.

துரை கிழங்கைப் பார்த்தார். தலையாட்டினார். துண்டு அவளுக்கே என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு மூச்சு வந்தது. திரும்பினவர் பேரி மரத்தைப் பார்த்து நின்றார். பெரட்டுக் களத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு சத்தமே தருவதில்லை, இதன் சத்தம் பங்களா வரைக்கும் கேட்கிறது என்று கண்டாக்கையாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு மச்சானைப் பார்த்தார்.

“கணக்கப்பிள்ளே, அந்த மணி நல்லா இருக்கு. பெரட்டுக்கு கொண்டு வா.”

அது போனால் அடுத்த போகத்தில் பன்றி திரும்பி வரும், துண்டு இருந்தும் ஒரு கிழங்கு மிஞ்சாது. துரை அதைப் பறிக்க நினைக்கவில்லை. அவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். தோட்டத்தில் சத்தம் போடுகிற மணியெல்லாம் துரையுடையது. கண்டாக்கு நாற்காலியும் துரையுடையது. மச்சான் உடனே இரும்பைத் தலையில் வைத்துக்கொண்டு துரைக்கு முன்னாலேயே பெரட்டுக் களத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அக்காளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கையில் இருந்த கிழங்கை மெதுவாகக் கூடையில் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மச்சான் தொப்பியைக் கழற்றினார். கைகட்டி நின்றார். குரல் மட்டும் மெலிசாக வந்தது.

“மணி இல்லீங்க தொரை. அது என் வில்லுங்க.”

துரைக்கு விளங்கவில்லை. கண்டாக்கையா விளக்கினார். விளக்க விளக்கத் துரையின் முகம் சிவந்து, உதடு துடித்து, சிரிப்பு வந்துவிட்டது. வில்லு என்றால் அம்பு விட்டுக் காட்டு என்றார்.

மச்சான் போய் இரும்பை அவிழ்த்தார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, அதே கயிற்றை இரண்டு வளையத்திலும் கட்டினார். வீட்டுக்குள் போய் அம்பு கொண்டுவந்தார். காலண்டரில் பார்த்தபடி காலை அகட்டி, அத்தனை கனத்தையும் இடது கையால் நேராக நீட்டிப் பிடித்தார். கை நடுங்கியது. கோட்டுத் தையல் அக்குளில் பிரிந்தது. வலது கையைக் காது வரைக்கும் இழுக்கப் பார்த்தார். கயிறு மூக்கு வரைக்கும்கூட வரவில்லை. விட்டார். அம்பு துரையின் சப்பாத்துக் காலுக்கு முன்னால் போய் மெதுவாகப் படுத்துக்கொண்டது.

துரை சிரித்த சிரிப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்டாக்கையா சிரித்தார். செல்லசாமி மண்ணைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கினான். சிரிக்காதவர்கள் மச்சானும் அக்காளும்தான். நான் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டேன். பைத்தியக்காரன் என்று சொல்லிவிட்டு, பொம்மையைப் பையனிடமே விட்டுவிட்டுப் போவதுபோலத் துரை கையை ஆட்டிக்கொண்டு நாய்களோடு ஏறிப் போய்விட்டார். இரும்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரவே இல்லை. கண்டாக்கு வேலையைப் பற்றிய பேச்சும் வரவில்லை. வேறு தோட்டத்தில் இருந்து ஒருவரைக் கொண்டு வந்தார்கள். பைத்தியக்காரனை யார் கண்டாக்கு ஆக்குவான்?

அவர்கள் போன பிறகும் மச்சான் வில்லை நீட்டிப் பிடித்தபடியே நின்றார். அக்காள் பக்கத்தில் போனாள்.

“கை நடுங்குது. குடுங்க,” என்று வாங்கிக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கொடுத்துத் தொலைத்திருந்தால் நாற்காலி கிடைத்திருக்குமே, எதற்கு இந்த மானக்கேடு என்று கேட்டேன். கோட்டின் பிரிந்த தையலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“மணின்னு ஒத்துக்கிட்டா அது தோட்டத்துச் சாமான் மாப்பிள்ளை. வில்லுன்னாத்தான் அது நம்ம சாமான்.”

இத்தனை வருஷமாக அவரைக் கேலி செய்த நான், குனிந்து அந்த அம்பைப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தேன்.

அன்று அந்தியில் அக்காள் சுத்தியலை எடுக்கப் போனபோது அது மச்சான் கையில் இருந்தது. பிரிந்த தையலோடு அதே கோட்டைப் போட்டுக்கொண்டு பேரி மரத்தடியில் நின்று நாலு போடு போட்டார். தகரம் தட்டினால் மானம் போய்விடும் என்ற மனுஷன். பாதையில் போன செல்லசாமி சும்மா போகாமல், என்ன கணக்கப்பிள்ளை, மணி அடிக்கிறீங்களா என்று கேட்டான்.

“அடிக்கலைடா. எய்யிறேன்,” என்றார் மச்சான்.

ஊசிப்பாறையில் பன்றி விரட்டப் போகிற எவனும் இப்போது தகரம் தட்டப் போகிறேன் என்று சொல்லுவதில்லை. வில் எய்யப் போகிறேன் என்றுதான் சொல்லுகிறான். நானும் அப்படித்தான் சொல்லுகிறேன்.